ஏழாம் நம்பர் வண்டியில் குறை ஏதும் இல்லை

மீட்டரக்காவுக்கு அந்த வாரம் முழுக்கக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. வண்டி மேல் இருந்தது, புருஷன் மேல் இருந்தது, உதிரி பாகம் தர மறுத்த ஸ்டோர்காரர் மேல் இருந்தது, கடைசியில் கழுத்தில் தொங்கிய மஞ்சள் மீட்டர் மேல்கூட இருந்தது. அந்த மீட்டரால்தான் அவளுக்கு அந்தப் பெயர். மின்சாரம் ஓடுகிற எதையும் அளக்கும் அந்தக் கருவி இல்லாமல் அவளைப் பணிமனையில் பார்த்தவர்கள் கிடையாது. டீ குடிக்கப் போகும்போதுகூட அது கழுத்தில் ஆடிக்கொண்டே வரும்.

சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து அழைத்துவந்து, மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரித்த பிறகு மறுபடி வீட்டில் கொண்டுபோய் விடும் வேன்கள் அங்கே பதினொன்று இருந்தன. பதினொன்றுக்கும் சேர்த்து ஒரே எலக்ட்ரீஷியன் மீட்டரக்காதான். பதினான்கு வருட வேலையில் அவள் சம்பாதித்த பெரிய சொத்து, புகார்ப் புத்தகத்தில் அவள் எழுதும் எழுத்து. ஓட்டுநர்கள் குறையை எழுதுவார்கள், அவள் வண்டியைப் பார்த்துவிட்டுக் கீழே குண்டு குண்டான எழுத்தில் பதில் எழுதுவாள். அவள் எழுதினால் எழுதியதுதான். கண்காணிப்பாளர்கூட அதற்கு மேல் இன்னொரு கேள்வி கேட்டதில்லை.

இப்போது அந்தப் பெருமையே தலைவலியாகியிருந்தது. 'ஏழாம் நம்பர் வண்டி. சோதித்தேன். குறை ஏதும் இல்லை' என்று இரண்டு மாதத்தில் மூன்று முறை எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தாள். ஏழாம் நம்பர் வண்டியின் ஓட்டுநர் அவளுடைய வீட்டுக்காரர்.

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். தளும்பத் தளும்பத் தண்ணீர் நிரப்பிய குடத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதுபோல ஓட்டுகிறவர். ஊசி குத்திய கையோடு சோர்ந்துபோய் ஏறும் நோயாளிகள், அவர் வண்டி என்றால் முதல் திருப்பத்திலேயே தூங்கிவிடுவார்கள். சிலர் அவர் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். பத்தொன்பது வருடம் இப்படி ஓட்டிய மனிதருடைய வண்டி, இரண்டு மாதமாக நடுவழியில் பைத்தியம் பிடித்ததுபோல் நடந்துகொண்டது. நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போதே வேகமுள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழும். தானாகக் கியர் மாற்றும் வண்டி அது. முள் விழுந்த அதே நொடியில் கியர்பாக்ஸ் 'டமார்' என்று ஓர் உதை உதைத்து, ஒரே கியரில் சிக்கிக்கொள்ளும். பத்து நாளைக்கு முன்னால் அப்படி உதைத்தபோது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் முன்னிருக்கைக் கம்பியில் போய் மோதிக்கொண்டார். நெற்றியில் இரண்டு தையல்.

பெரியவரின் மகன் புகார் கொடுத்தார். விசாரணை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று முடிவானது. கோப்பில் இருந்தது என்ன? வண்டியில் குறை ஏதும் இல்லை என்று மூன்று முறை எழுதிய எழுத்து. வண்டி நன்றாக இருந்தது என்றால் பிரேக்கை மிதித்தவன்தானே குற்றவாளி. இனிமேல் நிதானத்தை ஸ்டியரிங்கிலிருந்து எழுப்பி, அலுவலகத்தில் கடிதப் பதிவேடு எழுத உட்கார வைப்பார்கள் என்று பணிமனை முழுக்கப் பேச்சு. கடிதப் பதிவேடு எழுதுவதைவிட வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடப்பேன் என்று அவர் சொன்னதாகவும் பேச்சு. மீட்டரக்காவுக்கு இந்த இரண்டாவது பேச்சு மற்றவர்கள் வாய் வழியாகத்தான் தெரிந்தது. வீட்டில் அவர் அவளோடு பேசுவதை நிறுத்தி ஒரு வாரமாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமையலறையில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகள்தான் அந்த ஒரு வாரமாக அந்த வீட்டின் தபால் நிலையம்.

"அம்மா, அப்பா உப்பு கேக்குறாரு."

"அவரு கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டு அடிதான் இருக்கு. நான் பரீட்சைக்குப் படிக்கணும், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

தபால் நிலையம் மூடிவிட்டதால் வேறு வழியில்லாமல் நிதானம் நேராகவே பேசினார். "வண்டி உதைக்குது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நானும் மூணு தடவை பாத்துட்டேங்க. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்லாத வண்டியில நான் எதைக் கண்டுபிடிக்கிறது?"

"அப்ப நான்தான் பிரேக்க மிதிச்சு அந்தப் பெரியவர் மண்டைய உடைச்சேங்கிற."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"எழுதியே குடுத்துட்டியே. வாயால வேற சொல்லணுமா?"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கை கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கை கழுவிய குழாயைக்கூட மெதுவாகத்தான் மூடினார். சத்தமாக மூடியிருந்தால் சண்டை போட்ட திருப்தியாவது கிடைத்திருக்கும்.

புதன்கிழமை காலை ஏழாம் நம்பரை நான்காவது முறையாக, வண்டியின் அடியில் நின்று பார்க்கும் குழிக்கு வரவழைத்தாள். பெரியவருக்கு அடிபட்ட நாளிலிருந்து வண்டி முற்றத்தில்தான் நின்றது. பணிமனை விதிப்படி முதலில் கழுவும் இடத்துக்குப் போய், பளபளவென்று குளித்துவிட்டு வந்தது. அவள் குழிக்குள் இறங்கித் தலைக்கு மேலே விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

அவளுக்குச் சந்தேகம் ஆரம்பத்திலிருந்தே ஒரே ஒரு சாமான் மேல்தான். கியர்பாக்ஸின் விலாவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சென்சார் செருகியிருக்கும். உள்ளே சுற்றுகிற பல்சக்கரத்தின் பற்களை எண்ணி, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது அதன் வேலை. அது வாயை மூடிக்கொண்டால் வேகமுள்ளும் விழும், கியர்பாக்ஸும் குருட்டாம்போக்கில் ஒரு கியரைப் பிடித்துக்கொண்டு உதைக்கும். நிதானம் சொன்னது அத்தனையும் அதோடு பொருந்தியது. பொருந்தாதது மீட்டர் மட்டும்தான். சென்சாருக்குள் இருக்கும் கம்பிச்சுருளை அளந்தாள், எண் அச்சடித்தாற்போல் சரியாக வந்தது. ஒயரைப் பிடித்து இழுத்தாள், முறுக்கினாள், தட்டினாள், எண் அசையவில்லை. சென்சாரையே கழற்றி நுனியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தாள், துணியில் ஒன்றுமில்லை. ஸ்கேனரை மாட்டிக் கம்ப்யூட்டரின் நினைவில் ஏதாவது குறை எண் பதிந்திருக்கிறதா என்று தேடினாள். திரையில் வழக்கம்போல வெறுமைதான். உதைக்கிற வண்டி, உதைத்ததை எங்கேயாவது எழுதி வைத்திருக்க வேண்டாமா? பொய் சொல்வது வண்டியா, மனிதரா என்று மண்டை காய்ந்துபோனது.

சரி, எதற்கு வம்பு, கண்ணை மூடிக்கொண்டு சென்சாரையே மாற்றிவிடலாம் என்று ஸ்டோருக்குப் போனாள்.

"குறை எண் என்னம்மா?" என்று ஸ்டோர்காரர் பேனாவைத் திறந்தார்.

"எண் வரல. சந்தேகத்துல மாத்துறேன்."

"சந்தேகத்துக்கெல்லாம் சாமான் குடுத்தா ஸ்டோர் காலியாயிடும். எண் இல்லாம படிவம் ஏறாது."

"அந்தச் சாமான் வண்டியில இருந்தா மனுஷன் மண்டை உடையுதுங்க."

"உடையுதுன்னு நீங்கதான் எழுதணும். நீங்க குறை இல்லைன்னுதானே எழுதியிருக்கீங்க?"

தான் எழுதியதே சுவராக வந்து எதிரில் நிற்கும்போது யாரைப் போய் முட்டுவது? படிவத்தைக் கசக்கிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். அன்று மாலை வீட்டில் தபால் நிலையமும் இயங்கவில்லை, நேர்ப் பேச்சும் இல்லை.

வியாழக்கிழமை காலை அவள் வேறொரு சண்டைக்காகக் கழுவும் இடத்துக்குப் போனாள். மூன்றாம் நம்பர் வண்டியின் மின் இணைப்பு ஒன்றில் தண்ணீர் புகுந்திருந்தது. கழுவுகிறவரை நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று வேகமாகப் போனவள், அங்கே கண்ட காட்சியில் சட்டென்று நின்றாள். கழுவுகிறவர் கையில் குழாய் இல்லை, ஸ்பானர் இருந்தது. ஒன்பதாம் நம்பரின் முன்மூடியைத் தூக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒயரைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அதை எதுக்குக் கழட்டுறீங்க?"

"எதுக்கா? சுற்றறிக்கைக்காக. சுவத்துல ஒட்டியிருக்கு பாரு." அவர் ஸ்பானரை நீட்டிக் காட்டினார். "எட்டு மாசமாச்சு. ரெண்டாம் நம்பர்ல தண்ணி அடிக்கும்போது பொறி பறந்துச்சுல்ல, அன்னிலேர்ந்து முதல்ல பேட்டரி ஒயரக் கழட்டணும். அப்புறம் இஞ்சின் சூடு ஆற ரெண்டு மணி நேரம் வண்டிய நிறுத்தணும். அப்புறம்தான் குழாயத் தொடணும். கழுவி முடிச்சதும் ஒயர மாட்டி உன்கிட்ட அனுப்பிடுறேன்."

"எனக்கு யாருமே சொல்லலையே!"

"நீ எலக்ட்ரிக்கல். இது வாஷிங். எனக்கு வந்த சுற்றறிக்கைய நான் எதுக்கு உன்கிட்ட கொண்டாந்து காட்டணும்?"

சுவரில் ஈரத்தில் ஊறி ஓரம் சுருண்டிருந்த அந்தக் காகிதத்தில், கண்காணிப்பாளரின் கையெழுத்து பெரிதாக இருந்தது. சுற்றறிக்கை போடாமல் தும்மக்கூட மாட்டாத மனிதர் அவர். மீட்டரக்கா அதை இரண்டு முறை படித்தாள். இந்த வண்டிகளுக்கு பேட்டரியைக் கழற்றினால் கம்ப்யூட்டரின் நினைவு மொத்தமும் அழிந்துபோகும். எப்போதும் இருக்கிற குறை என்றால் வண்டியைக் கிளப்பியதும் மறுபடி பதிந்துவிடும். எப்போதாவது வந்து போகிற குறை என்றால் போனது போனதுதான். அவள் குழிக்கு வந்து நின்ற ஏழாம் நம்பர் ஒவ்வொரு முறையும் பச்சைப் பிள்ளையாகத்தான் வந்திருக்கிறது. அதோடு ஆறிப் பச்சைத் தண்ணீராகவும் வந்திருக்கிறது.

ஆறி என்கிற வார்த்தை மனதில் பட்டதும் அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இந்த வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் அவள் மோட்டார் சுருள் சுற்றும் கடையில் இருந்தவள். மேஜை மின்விசிறிகளைக் கொண்டுவந்து வைத்து, 'நல்லாத்தான் சுத்துது, திடீர்னு நின்னுடுது' என்று சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. உள்ளே மயிரிழையாக எங்கோ கம்பி விட்டிருக்கும். ஆறியிருக்கும்போது இரண்டு நுனியும் ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும், சூடேறினால் விலகிவிடும். இருபது வயதிலேயே அவளுக்கு இது அத்துப்படி. வாடிக்கையாளரிடம் அவள் கேட்கும் முதல் கேள்வியே, 'எவ்வளவு நேரம் ஓடின பிறகு நிக்குது?' என்பதுதான்.

அந்தக் கேள்வியை இரண்டு மாதத்தில் அவள் தன் புருஷனிடம் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

நேராக ஓட்டுநர்கள் அறைக்குப் போனாள். நிதானம் வண்டி இல்லாத ஓட்டுநராகச் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்.

"எழுந்து வாங்க. சோதனை ஓட்டம் போகணும்."

"பத்து நிமிஷம் சுத்துச்சுவர ஒட்டி ஓட்டிட்டு வந்து குறை இல்லைன்னு எழுதப் போற. அதுக்கு நான் எதுக்கு?"

"பத்து நிமிஷம் இல்ல. அது உதைக்கிற வரைக்கும்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவள் வண்டிக்கு அடியில் புகுந்து சென்சாரின் இணைப்பில் பின்புறமாக இரண்டு ஊசிகளைச் செருகி, நீளமான இரண்டு ஒயர்களைக் கதவிடுக்கு வழியாக உள்ளே இழுத்து மடியில் இருந்த மீட்டரில் மாட்டினாள். சக்கரம் சுற்றச் சுற்ற அந்தச் சென்சார் துளி மின்சாரத்தை உண்டாக்கும். வேகம் கூடினால் எண் கூடும், குறைந்தால் குறையும். குழியில் நிற்கிற வண்டியில் இதைப் பார்க்க முடியாது, ஓடுகிற வண்டியில்தான் பார்க்கலாம்.

வண்டி வாசலைத் தாண்டியதும் கேட்டாள். "எப்ப உதைக்கும்?"

"காலை டிரிப்ல உதைக்காது. மத்தியான டிரிப்ல, நாலாவது ஆள இறக்கிட்டு அஞ்சாவது வீட்டுக்குத் திரும்புற நேரத்துல."

"நேரம் எவ்வளவு இருக்கும்?"

"ஒரு மணி, ஒண்ணே கால் மணி."

"ஒவ்வொரு தடவையுமா?"

"வெயில் இருந்தா ஒவ்வொரு தடவையும். மழை நாள்ல வந்ததில்ல."

எல்லாம் சூட்டில் வருகிற குறைக்கு அச்சாகப் பொருந்தியது. இதை மட்டும் முதல் நாளே கேட்டிருந்தால் பெரியவர் நெற்றியில் தையல் விழுந்திருக்காது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இதை ஏங்க என்கிட்ட முதல்லயே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?" என்றார் அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாலாம் நம்பர்காரன் ஹாரன் சரியா அடிக்கலைன்னு எழுதினப்போ, அவன் பக்கத்துல உக்காந்து அரை மணி நேரம் ஊரச் சுத்தி வந்த. அவன் கிட்ட எத்தனை கேள்வி கேட்டன்னு அவனே சொல்லிச் சிரிச்சான். நான் எழுதினா மட்டும் நேரா குழிக்குள்ள இறங்கிடுற."

உண்மைதான். அதற்கு அவளிடம் காரணமும் இருந்தது, வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் மென்று விழுங்கினாள். புருஷன் வண்டியில் ஏறிச் சோதனை ஓட்டம் போனால், 'ரெண்டு பேரும் ஆபீஸ் வண்டியில ஊர் சுத்துறாங்க' என்று நாலு பேர் சிரிப்பார்கள் என்ற பயம். புருஷன் சொன்னான் என்பதற்காகக் குறை எழுதிவிட்டாள் என்று பேர் வந்துவிடக் கூடாது என்ற வீம்பு. இன்னொன்றும் இருந்தது. இருபது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் என்ன சொல்வார் என்று தனக்குத் தெரியாதா என்கிற அலட்சியம்.

சந்தைத் தெரு, பாலம், தண்ணீர்த் தொட்டி மேடு, மறுபடி பாலம் என்று வண்டி சுற்றியது. நாற்பது நிமிடமாயிற்று. மீட்டரில் எண் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஒரு சிணுங்கல்கூட இல்லை. வெயில் கண்ணாடியைக் கடித்தது. ஐம்பது நிமிடம். ஒரு மணி நேரம். வண்டி வெண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நாளைக் காலை பத்து மணி என்கிற நினைப்பு அவளை நெருப்பு மேல் நிற்க வைத்தது. ஒரு மணி பத்து நிமிடம் ஆனபோது பொறுமை அறுந்துவிட்டது.

"நிஜமாவே வண்டிதான் உதைக்குதா, இல்ல நீங்க தெரியாம எதையாவது..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த நிதானத்தின் கைகள் இறுகின. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாலத்தை மூன்றாவது முறை ஏறி இறங்கும்போது மீட்டரில் எண் இருமுறை துடித்தது. பிறகு பூஜ்யம். வேகமுள் விழுந்தது. கியர்பாக்ஸ் உதைத்த உதையில் அவள் முன்பலகையில் போய் முட்டிக்கொண்டாள்.

"செத்துடுச்சு! செத்துடுச்சுங்க!" என்று குதித்தாள். நெற்றியில் வலி தெரியவே இல்லை. "நிறுத்துங்க, ஓரமா நிறுத்துங்க, ஆறிடப் போகுது!"

வண்டி நின்றதும் கொதிக்கிற அடிவயிற்றுக்குக் கீழே படுத்துப் புகுந்தாள். மணிக்கட்டில் புகைக்குழாய் சூடு வைத்தது, பொருட்படுத்தவில்லை. இணைப்பைப் பிரித்துச் சென்சாருக்கு நேராக மீட்டரை வைத்தாள். நேற்று அச்சடித்தாற்போல் எண் காட்டிய அதே சுருள், இப்போது ஒன்றுமே காட்டவில்லை. உள்ளே கம்பி விட்டுப் போயிருந்தது. கால் மணி நேரம் அப்படியே படுத்துக்கிடந்தாள். சூடு இறங்க இறங்க எண் எட்டிப் பார்த்தது, மறைந்தது, கடைசியில் ஒன்றும் அறியாததுபோல வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்கேனரை மாட்டினாள். இரண்டு மாதமாகத் தேடிய குறை எண் முதல் வரியிலேயே நின்றது.

முகம் முழுக்க எண்ணெயும் சிரிப்புமாக வெளியே வந்தாள். "பாருங்க! நீங்க சொன்னதேதான்! ஒரு வார்த்தை மாறல!"

நிதானம் சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார். ஸ்கேனரைப் பார்க்கவில்லை. "மீட்டர் சொன்னதும் நம்பிட்ட," என்றார். "நான் ரெண்டு மாசமா அதையேதான் சொல்லிட்டு இருந்தேன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மணிக்கட்டு எரிய ஆரம்பித்தது அப்போதுதான் தெரிந்தது. அவர் எழுந்து வண்டியில் இருந்த தண்ணீர்ப் புட்டியைத் திறந்து அந்தக் கையில் ஊற்றினார். பிறகு வண்டியைப் பணிமனைக்குத் திருப்பினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் அறையில் மூன்று நாற்காலிகள். மேஜை மேல் கோப்பும் புகார்ப் புத்தகமும். மீட்டரக்கா முந்தைய நாள் எழுதிக்கொடுத்த அறிக்கையை அவர் ஒரு முறை பொறுமையாகப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு தடவை குறை இல்லைன்னு எழுதியிருக்கீங்க. விசாரணைக்கு முந்தின நாள் குறை இருக்குன்னு எழுதுறீங்க. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? புருஷனைக் காப்பாத்த எழுதினதுன்னுதானே?"

"வண்டியில ஏறுங்க சார். ஒண்ணே கால் மணி நேரம் உக்காருங்க. நெத்தி முட்டினதும் நம்புவீங்க."

"நான் நம்பலைன்னு சொல்லல. எண் பதிவாகியிருக்கு, பாத்தேன்." அவர் குரலை இறக்கினார். "ஆனா அது நேத்து பதிவானது. அதுக்கு முன்னாடி குறை இருந்ததுக்கு ஆதாரம் இல்ல."

"ஆதாரத்த உங்க சுற்றறிக்கைதான் சார் கழுவி விட்டுச்சு."

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சமாளித்துக்கொண்டார். "அதைத்தான் சொல்ல வர்றேன். எதுக்கு எல்லாரும் அடிபடணும்? வியாழக்கிழமை புதுசா வந்த குறைன்னு ஒரு வரி எழுதிடுங்க. உங்க மூணு எழுத்தும் அப்படியே நிக்கும். பதினாலு வருஷத்துல ஒரு அடித்தல் இல்லாத பேரு உங்களுக்கு. சுற்றறிக்கைய நான் சத்தமில்லாம மாத்திடுறேன். பெரியவர் விஷயத்துல இவருக்கு ஒரு எச்சரிக்கை மட்டும் கோப்புல போகும். வண்டிய விட்டு இறக்க மாட்டேன். என்ன சொல்றீங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் நிதானம் தலையாட்டினார். "சரி சார். போதும். வண்டி கையில இருந்தாப் போதும்."

அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. என்ன மனிதர் இவர்! செய்யாத தப்புக்கு எச்சரிக்கை வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றி வேறு சொல்கிறார். பெரியவரின் மகன் கேட்டால் இந்தக் கோப்பு என்ன சொல்லும்? ஓட்டுநர் கவனக்குறைவு என்று சொல்லும். இன்னும் பத்து வருடம் கழித்து எவர் எடுத்துப் படித்தாலும் அதையேதான் சொல்லும்.

"போதாது சார்," என்று சொல்லிவிட்டுப் புகார்ப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"யோசிச்சு எழுதுங்க. எழுதிட்டா உங்களுக்குக் குறிப்பாணை குடுக்காம என்னால இருக்க முடியாது. தப்பா சோதனை பண்ணினதுக்கு."

"குடுங்க சார். வாங்கிக்கிறேன்."

அந்தப் புத்தகத்தில் எதையும் அடிக்கக் கூடாது என்பது விதி. அதனால் முதல் முறை எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்து, தன்னுடைய பழைய கையெழுத்துக்குக் கீழே எழுதினாள். 'மேலே எழுதியது தவறு. வண்டி ஆறிய நிலையில் மட்டும் பார்த்தேன். ஓட்டுநரிடம் எதுவும் கேட்கவில்லை.' தேதியைப் போட்டுக் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது பக்கத்தைத் திருப்பி அதே மூன்று வரிகளை எழுதினாள். கண்காணிப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நிதானம் நாற்காலியை நகர்த்தி எட்டிப் பார்த்தார், எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தார்.

மூன்றாவது பக்கத்தில் இரண்டு வரி முடிந்தபோது நிதானத்தின் கை நீண்டு வந்து பேனாவைத் தடுத்தது.

"கடைசி வரிய விட்டுடு," என்றார் அவர் காதோடு காதாக. "அது நம்ம வீட்டு விஷயம். புத்தகத்துல எதுக்கு?"

மீட்டரக்கா அவரைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவர் முகத்தை முழுசாகப் பார்ப்பது அப்போதுதான்.

"வீட்டு விஷயம் இல்லங்க. என் வேலை," என்று சொல்லி அவர் விரல்களை மெல்ல விலக்கிவிட்டு, ஓட்டுநரிடம் எதுவும் கேட்கவில்லை என்று மூன்றாவது முறையும் எழுதினாள்.